மூன்று லைசென்ஸைப் பிடித்து வைத்தவர்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதம், கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் நடந்தது இது. மாடி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீள அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், இரண்டு மின்விசிறிகள். ஒன்று காற்று தரும், இன்னொன்று சத்தம் மட்டும் தரும். அதுதான் எங்கள் கிளை அலுவலகம்.

நான் தொழிற்சாலைகளுக்கான குழாய் அமைப்புகளைக் கம்ப்யூட்டரில் வரைபவள். கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரில். கிளை வருவதற்கு முன் ஊரில் பாதிப் பேரைப் போல நானும் விடியும் முன் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலேறி, இருட்டிய பிறகு அதே ஸ்டேஷனில் இறங்கியவள்தான். சுரங்கத்தை மூடி எத்தனையோ காலமாகியும் எங்கள் ஊரில் வேலைக்குப் போவதை ஷிப்டுக்குப் போவது என்றே சொல்கிறோம். அந்த ஷிப்டில் நான் சரியாகப் பார்க்காமல் விட்டது என் மகளை. நான் கிளம்பும்போதும் தூங்குவாள், திரும்பும்போதும் தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற விருந்தாளி என்று அவள் என்னை நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அப்படிப்பட்ட எங்களில் ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து, ராபர்ட்சன்பேட்டையிலேயே ஒரு கிளை திறந்து உட்காரவைத்தது கம்பெனி. ஆனால் அது சோதனை முயற்சிதான். ஒரு பெரிய வேலையைக் கொடுத்து, அதைச் சொன்ன நாளில் முடித்தால் கிளை நிலைக்கும் என்றார்கள். முடிக்காவிட்டால் பழையபடி ரயில். எங்கள் கிளைக்குப் பொறுப்பாக இருந்த அக்கா இதை நாள் தவறாமல் எங்களுக்கு நினைவூட்டுவார். ரயிலில் நின்றே பயணம் செய்து இடுப்பு வலி வாங்கிக்கொண்டவர் அவர், பயம் இருக்காதா?

நாங்கள் வரையப் பயன்படுத்திய மென்பொருள் கொள்ளை விலை. ஆளுக்கொன்று வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் கம்பெனி மொத்தமாகப் பத்து லைசென்ஸ் வாங்கி, பெங்களூருக்கும் எங்களுக்கும் பொதுவாக வைத்திருந்தது. நூலகத்தில் ஒரே புத்தகத்துக்குப் பத்துப் பிரதி இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளைத் திறந்தால் ஒரு பிரதி உங்கள் கைக்கு வரும், மூடினால் திரும்பிப் போகும். பத்தும் வெளியே போய்விட்டால் பதினோராவது ஆள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கவனிக்கிற நூலகர் ஒரு கம்ப்யூட்டர். அதற்குப் பெயர் லைசென்ஸ் சர்வர். தலைமை அலுவலகத்தில் கட்டட வேலை நடந்ததால் அதை எங்கள் அறைக்கு அனுப்பி, மூலையில் ஒரு மேஜைக்கடியில் வைத்திருந்தார்கள்.

பெட்டி எங்களிடம் இருந்ததே தவிர அதிகாரம் பெங்களூரில் இருந்தது. யார் எந்த லைசென்ஸை வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை நான் பார்க்கலாம், அவ்வளவுதான். சர்வர் நிரலைத் தொடங்கவோ நிறுத்தவோ எனக்கு அனுமதி கிடையாது. அதையெல்லாம் செய்கிறவர் தலைமை அலுவலகத்து சிஸ்டம்ஸ் சார். ஒரு நாள் மின்சாரம் போய் வந்ததும் பெட்டி எழுந்துகொண்டது, உள்ளே இருந்த நிரல் எழவில்லை. தொடங்கு என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். எனக்கு அந்தக் கட்டளையும் தெரியும். ஆனால் கொடுத்துப் பார்த்தால் உனக்கு உரிமையில்லை என்று பதில் வந்தது. சார் ஏதோ கூட்டத்தில் இருந்தார். அவர் வெளியே வருகிறவரை இரண்டு ஊரிலும் யாருக்கும் வேலை ஓடவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் மனமிரங்கி, அனுமதி உள்ளவர்களின் குழுவில் என்னையும் சேர்த்தார். சர்வரைத் தொடங்கலாம், நிறுத்தலாம், தேவைப்பட்டால் ஒருவரிடமிருந்து லைசென்ஸைத் திரும்பப் பிடுங்கலாம். செட்டிங்ஸ் என்கிற அதன் அமைப்புகளில் கைவைக்க மட்டும் முடியாது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. எதையும் ஏன் என்று கேட்காமல் விட மாட்டேன். “எதுக்கு சார் இவ்ளோ பிரிச்சி பிரிச்சி குடுக்கறீங்க? அந்த புரோகிராமையே எல்லா உரிமையும் இருக்கற அட்மின் பேர்ல ஓட விட்டா ஒரு தொல்லையும் இல்லையே?” என்று கேட்டேன்.

“நோடி மேடம், இப்படிப் பாருங்க, பால் போட வர்றவர் கையில வீட்டுச் சாவிய குடுப்பீங்களா? அவருக்கு வாசல் வரைக்கும் வழி இருந்தா போதும். புரோகிராமுக்கும் அப்படித்தான், ஆளுக்கும் அப்படித்தான்” என்றார் அவர். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு குடுக்க வேணாம்னு இங்க ரெண்டு பேர் சொன்னாங்க. என் பொறுப்புல குடுக்கறேன்” என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் பெருமையாகவும் இருந்தது, உறுத்தவும் செய்தது. எங்கள் ஊர்க்காரர்கள் கையில் ஒன்றைக் கொடுக்க மட்டும் எதற்காக இரண்டு பேர் யோசிக்க வேண்டும்?

ஏற்கெனவே அந்தப் பட்டியலைப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அனுமதி வந்த பிறகு அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. யார் முதலில் திறக்கிறார்கள், யார் சாப்பாட்டு நேரத்திலும் மூடாமல் போகிறார்கள், எல்லாம் தெரியும். பட்டியலில் பெயர் வராது, ஊழியர் எண்தான் வரும். அதில் ஓர் எண் என் மண்டையைக் குடைந்தது. காலை எட்டு மணிக்கு முன்பே, தலைமை அலுவலகத்தில், அடுத்தடுத்த மூன்று கம்ப்யூட்டர்களில் அந்த ஒரே எண் மூன்று லைசென்ஸ்களை எடுத்துவைத்துக்கொள்ளும். ஒரே ஆள் மூன்று கம்ப்யூட்டரில் எப்படி வரைய முடியும்? அவருக்கென்ன ஆறு கையா?

இன்னொரு விசித்திரமும் உண்டு. பெங்களூரில் ஒன்பது மணிக்கு வேலை தொடங்கும், எங்களுக்கு ஒன்பதரைக்கு. நாங்கள் வந்து உட்கார்ந்ததும் அந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போய்விடும். நான் பல விதமாக யோசித்தேன். ஏதாவது பழுதடைந்த நிரலாக இருக்குமோ? யாராவது மேலதிகாரி, இருக்கிற லைசென்ஸை எல்லாம் கைக்குள் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாரோ? கடைசியில், நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் பயந்து மூடிவிடுகிற பதுக்கல் பேர்வழி என்று முடிவு கட்டினேன். அக்காவிடம் சொன்னபோது அவர் ஒரு படி மேலே போய், “நம்ம கிளை உருப்படக் கூடாதுன்னு எவனோ பண்றான்” என்றார். சாரிடம் கேட்டிருக்கலாம். அனுமதி கொடுத்த மறுவாரமே அடுத்தவரை வேவு பார்க்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை.

வேலையை ஒப்படைக்க வேண்டிய நாளும் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் கடைசிப் பகுதி வரைபடங்கள் வாடிக்கையாளர் கைக்குப் போயாக வேண்டும். அதற்கு மூன்று பேராவது நாள் முழுக்க வரைந்தால்தான் ஆகும். நான் சீக்கிரமாகவே போய்க் கதவைத் திறந்து, நேரே சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். பட்டியலில் அதே எண், அதே மூன்று கம்ப்யூட்டர்கள். ஆத்திரம் தலைக்கேறியது. இன்றைக்குமா? இன்றைக்கும் பதுக்கினால் எங்கள் கதி என்ன?

அக்காவுக்கு போன் செய்தேன். அவர் வீட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தார். “உனக்குத்தான் பர்மிஷன் இருக்குதுல்ல, தூக்கி வெளிய போடு. நாங்க வர்றப்ப காலியா இருக்கட்டும்” என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். மூன்று கட்டளைகள் கொடுத்தேன், மூன்று வரிகள் மறைந்தன. தலையில் கொம்பு முளைத்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எல்லாருக்கும் இட்லி வாங்கி வரலாம் என்று கதவைப் பூட்டிக்கொண்டு மார்க்கெட் பக்கம் கிளம்பிவிட்டேன்.

ஒன்பதரைக்கு நான் திரும்பிவந்து கதவைத் திறக்க, அக்காவும் மற்றவர்களும் வந்து மென்பொருளைத் திறந்தார்கள். லைசென்ஸ் இல்லை. இன்னொருவர் திறந்தார். இல்லை. நான் இட்லிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பட்டியலைப் பார்த்தேன். பத்தும் பெங்களூரில். அந்த மர்ம எண்ணைத் தவிர மற்ற எல்லா எண்ணும் இருந்தது. நான் காலி செய்துவைத்த மூன்றையும், ஒன்பது மணிக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அன்றைக்கு வேலை இருந்தது, அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரத்தில் அலுவலக போன் அடித்தது. எடுத்தேன்.

“கேஜிஎஃப் பிரான்ச்சுங்களா?” என்றது ஒரு பெண் குரல். ஆமாம் என்றதும் படபடவென்று கொட்டியது. “இன்னாங்க பண்ணிட்டீங்க? என் மூணு லைசென்ஸயும் புடுங்கினது யாருங்க?”

எங்கள் ஊர்ப் பேச்சு! பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து இப்படி ஒரு ‘இன்னாங்க’ வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், “நான்தான். நீங்க எதுக்கு டெய்லி மூணு மிஷின்ல தொறந்து வெக்கறீங்க?” என்றேன்.

“உங்களுக்குத்தாங்க! வேற இன்னாத்துக்கு? நீங்க ஒம்போதரைக்கு வர்றதுக்குள்ள இங்க பத்தும் காலியாயிடுது. அதான் நான் வந்ததும் மூணு புடிச்சி வெக்கறேன். சாட்ல உங்க ஆளுங்க பேர்ல பச்ச லைட்டு எரிஞ்சதும் ஒண்ணொண்ணா உடறேன். இன்னிக்கி டிபன் சாப்புட்டு வர்றதுக்குள்ள ஸ்கிரீன்ல அட்மின் புடுங்கிட்டாருன்னு வந்துக்கீது.”

அவர் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஊர் விஷயம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ரயில் மாரிகுப்பத்தில் கிளம்புகிறது. அங்கே ஏறுகிறவர்களுக்குப் பெட்டி முழுக்கக் காலியாக இருக்கும். அவர்கள் தங்கள் இடத்தில் மட்டும் உட்கார்ந்து கொள்ள மாட்டார்கள். பக்கத்து இடத்தில் துப்பட்டாவைப் போடுவார்கள், எதிரே டிபன் பையை வைப்பார்கள். அடுத்த ஸ்டேஷன்களில் ஏறப்போகிற பெண்களுக்காக. பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, தினம் பார்க்கிற முகமாக இருந்தால் போதும். சாம்பியன் ரீப்ஸில் ஏறிய எனக்கு அப்படி எத்தனையோ துப்பட்டாக்கள் இடம் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த ரயில் அதிகாலையில் கிளம்புவதால் எங்கள் ஊர்க்காரர்கள்தான் பெங்களூரில் எந்த அலுவலகத்துக்கும் முதல் ஆளாகப் போய்ச் சேர்வார்கள். எட்டு மணிக்கு முன்பே அந்த எண் ஏன் பட்டியலில் வருகிறது என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை. இதை எல்லாரையும் விட எனக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும். ரயிலை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது, அதற்குள் நான் அந்தக் கண்ணைத் தொலைத்துவிட்டிருந்தேன்.

“நீங்க மாரிகுப்பமா?” என்றேன்.

“ஆமாங்க. இப்ப அது முக்கியமா?”

முக்கியமில்லைதான். ஆனாலும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “எங்கள உங்களுக்குத் தெரியவே தெரியாதே. நீங்க எதுக்கு இவ்ளோ பாடு படறீங்க?”

அவர் குரல் இறங்கியது. “நீங்க அங்க நின்னாத்தாங்க, ஊருக்கே மாத்தற அடுத்த லிஸ்டுன்னு ஒண்ணு வரும். உங்கள மூடிட்டா எங்களுக்கு ஏதுங்க வழி? நானும் அந்த ஆறு பேர்ல வரணும்னு எழுதிக் குடுத்தவதாங்க. எனக்கும் வூட்ல சின்னப் புள்ள இருக்குது.”

அக்கா என் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டார். மீதியைச் சொன்னதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆனால் அவர் சீக்கிரம் எழுந்துகொள்கிற ரகம். “சரி, ஆனது ஆச்சி. இப்ப ஒண்ணு பண்ணு. சர்வர நிறுத்து. பத்துப் பேரும் வெளிய வந்துடுவாங்க. ஒடனே ஸ்டார்ட் பண்ணு. நாங்க மூணு பேரும் ரெடியா ஒக்காந்திருக்கோம், மொதல்ல நாம புடிச்சிக்கலாம்” என்றார்.

நடக்கக்கூடிய காரியம்தான். அனுமதி என் பெயரில் இருந்தது. பெட்டி என் காலடியில் இருந்தது. ஒரு நிமிட வேலை. எனக்குக் கை பரபரத்தது, பொய் சொல்லவில்லை. என் மகள் அந்தச் சில மாதங்களில் காலையில் என் கையால் தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகப் பழகியிருந்தாள். அதைத் திரும்பப் பறித்துவிடுவார்களே என்று நினைத்தபோது, பெங்களூரில் யாருடைய வேலை எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றுதான் இருந்தது.

அக்கா சொன்னது போனில் கேட்டிருக்க வேண்டும். “ஐயோ வேணாங்க!” என்று கத்தினார் போனில் இருந்தவர். “இங்க பத்துப் பேரு சேவ் பண்ணாம வேல செஞ்சிட்டிருக்காங்க. அத்தனையும் போயிடும். அப்பறம் கேஜிஎஃப்காரங்க கையில குடுத்தா இப்பிடித்தான்னு சொல்லிட்டு, உங்களுக்கு இருக்கற பர்மிஷனையும் புடுங்கிக்குவாங்க. ஒரு மணி நேரம் குடுங்க, நான் போய்க் கேக்கறேன்.”

“கேட்டா குடுப்பாங்களா?”

“கேட்டாதான தெரியும்!” போன் வைக்கப்பட்டுவிட்டது.

அக்காவுக்குக் கோபம். ஒரு மணி நேரத்தை அந்த முகம் தெரியாத பெண்ணை நம்பி விடுவதா என்று பொரிந்து தள்ளினார். நான் கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வாங்கி வந்த இட்லியை யாரும் தொடவில்லை. நிமிடத்துக்கொரு தரம் பட்டியலைப் புதுப்பித்துப் பார்த்தேன். பத்து எண்களும் கல்லில் அடித்த மாதிரி அப்படியே இருந்தன.

பிறகு ஒரு எண் மறைந்தது. “தொறங்க, தொறங்க!” என்று நான் போட்ட கூச்சலில் கீழே செருப்புக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தாராம். முதல் லைசென்ஸ் அக்காவுக்குக் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. மூன்றாவதுக்குத்தான் மதியம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவர் எப்படிக் கேட்டார் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மேஜை மேஜையாகப் போயிருக்கிறார். கம்பெனி விதி, அவசரம், அதிகாரம் என்று எதையும் பேசவில்லை. எங்கள் ஊரில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு இன்றைக்குக் கடைசி நாள், நீங்கள் கொஞ்சம் சரிபார்க்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு லைசென்ஸை விடுங்கள் என்றாராம். முதல் ஆள் உடனே சேமித்துவிட்டு மூடினார். இரண்டாவது ஆள் முணுமுணுத்துக்கொண்டே மூடினார். மூன்றாவது ஆள் முடியவே முடியாது என்றிருக்கிறார். அந்த ஆளுடைய அளவு சரிபார்க்கும் வேலை முழுவதையும் தானே செய்து தருவதாக ஒப்புக்கொண்டுதான் அதை வாங்கியிருக்கிறார். அந்த வேலைக்காக அன்றைக்கு மாரிகுப்பத்துக்காரர் தன் வழக்கமான ரயிலை விட்டுவிட்டு, கடைசி ரயிலில் வீடு திரும்பியது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மாலையில் அவ்வளவு சிரித்திருக்க மாட்டோம்.

ஏனென்றால் நாங்கள் முடித்துவிட்டோம். ஒருவர் சாப்பிடப் போனால் அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து, கை மாற்றிக் கை மாற்றி வரைந்தோம். ஐந்து மணிக்குச் சற்று முன் கடைசி வரைபடம் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது. அக்கா இடுப்பு வலியை மறந்து என்னைக் கட்டிக்கொண்டார். காலையில் வாங்கிய இட்லியைக் கல்லாகிவிட்ட பிறகும் பங்கு போட்டுத் தின்றோம்.

மறுநாள் சிஸ்டம்ஸ் சாருக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். “யார் எந்த நேரத்துல புடுங்கினாங்கன்னு சர்வர்ல பதிஞ்சிருக்கும் மேடம், நேத்தே பாத்துட்டேன். நீங்களா சொல்றீங்களான்னுதான் இருந்தேன்” என்றார். அனுமதி போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர், “கேக்காம புடுங்கினது தப்பு. நிறுத்தாம இருந்தீங்களே, அது போதும். உங்க பேர் குழுவுல இருக்கட்டும்” என்றார். பிறகு, “ஒரே நேரத்துல எத்தனை வேணும் உங்களுக்கு?” என்று கேட்டார். மூன்று என்றேன். சர்வரின் அமைப்பில் ஒரு வரி சேர்த்து, மூன்று லைசென்ஸ்களை எங்கள் கிளைக்கென்று ஒதுக்கிவைத்தார். ஒரு வரிதான். இப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. அமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்கவும் எனக்கு அனுமதி இல்லையே, எப்படித் தெரிந்திருக்கும்? இதையும் அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, மாற்ற முடியாது, படிக்கலாம் என்று அதையும் கொடுத்தார்.

பழைய பதிவுகளை உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். எங்களுக்கு லைசென்ஸ் கிடைக்காமல் திண்டாடிய சில நாட்கள் உண்டு. அந்த நாட்களிலெல்லாம் அந்த ஊழியர் எண் பட்டியலில் இல்லை. அவர் விடுமுறையில் இருந்திருக்கிறார். எத்தனை வாரமாக அந்தப் பட்டியலை விழுந்து விழுந்து பார்த்தேன், இந்த ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அவர்மேல் ஒரு முடிவு கட்டிவிட்டதால் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வரும் வழியில் மகளைக் கூட்டிக்கொண்டு மாரிகுப்பம் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். ரயிலில் எத்தனையோ முறை எதிரெதிரே உட்கார்ந்து தூங்கி வழிந்த முகம்! பெயரைக் கேட்டதே இல்லை. முன்னறையில் புத்தர் படத்துக்குக் கீழே அவருடைய பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். என் மகளைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் அவர் வேறு பேச்சுக்குத் தாவினார். கிளம்பும்போது மட்டும், “அடுத்த லிஸ்டு எப்பன்னு ஏதாச்சும் பேசிக்கறாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

கிளை நிலைத்தது. அடுத்த லிஸ்டும் வந்தது. நான்கு பேர். ஒவ்வொரு பெயராகப் படித்தேன், மறுபடியும் படித்தேன். அவர் பெயர் இல்லை. எந்த அடிப்படையில் எடுத்தார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன் செய்தபோது அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். “வுடுங்க, அடுத்ததுல வரும். போயி வேலயப் பாருங்க, போங்க.”

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. சிஸ்டம்ஸ் சாரிடம் சொன்னேன், அவர் தன் பங்குக்கு எழுதினார். அக்கா தலைமை அலுவலகக் கூட்டங்களில் இரண்டு முறை இந்தப் பேச்சை எழுப்பினார். அங்கிருந்து யார் வந்தாலும், காபி கொடுத்து உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எல்லாரும் ஆச்சரியப்பட்டுக் கேட்கிறார்கள், பார்க்கலாம் என்கிறார்கள். அவர் இன்றும் விடியும் முன் ரயிலேறுகிறார்.

சர்வரைத் தொடங்க, நிறுத்த, உள்ளே இருக்கிற ஒருவரை வெளியே அனுப்ப என் பெயரில் இன்றும் அனுமதி இருக்கிறது. வெளியே நிற்கிற ஒருவரை உள்ளே அழைத்துக்கொள்ளத்தான் யாரும் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை. எங்களுக்காக அவர் பத்துப் பேரிடம் கேட்க ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினார். அவருக்காக நான் கேட்கத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிறது, கிடைக்கிறவரை கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை என்று நினைக்கிறேன்.